"யாராச்சும் வாங்க"ன்னா யாரும் வரமாட்டாங்க: தன்னார்வப் பணி பத்தி வாசகர் கேள்வி பதில்

கொஞ்ச நாளா வர்ற கடிதங்கள்ல நிறைய ஒரே விஷயத்தைச் சுத்தியே இருக்கு. நல்ல காரியத்துக்கு ஆள் கிடைக்கல, கிடைச்சவங்க நிக்கல, எனக்கு உதவி பண்ண ஆசை ஆனா எங்க போறதுன்னு தெரியலங்கறதுதான் எல்லாத்துலயும். அதனால இந்த இதழ் முழுக்க அதுக்கே ஒதுக்கியாச்சு. பேர் போட வேண்டாம்னு பலர் கேட்டிருந்ததால யார் பேரும் போடல.

கேள்வி: அக்கா, நாங்க பார்வையில்லாத மாணவர்களுக்கு பரீட்சை எழுத ஸ்க்ரைப் (அவங்க சொல்லச் சொல்ல எழுதிக் குடுக்கறவங்க) ஏற்பாடு பண்ற சின்ன குழு. எங்க வாட்ஸ்அப் குரூப்புல முந்நூறு பேர் இருக்காங்க. "தன்னார்வலர்கள் தேவை, விருப்பமுள்ளவர்கள் முன்வரவும்"னு போட்டா கைகூப்புற எமோஜி வரிசையா வரும், ஆள் ஒருத்தர் கூட வரமாட்டாங்க. கடைசியில பழைய அஞ்சு பேரேதான் ஓடுறோம். ஜனங்களுக்கு அக்கறையே போயிடுச்சா?

பதில்: அக்கறை போகல தம்பி. அந்த எமோஜி போட்டவங்க எல்லாருமே நல்ல மனசோடதான் போட்டிருப்பாங்க, ஆனா ஒவ்வொருத்தரும் "இத்தனை பேர் இருக்காங்களே, யாராச்சும் போயிடுவாங்க"ன்னு நினைச்சிருப்பாங்க, முந்நூறு பேரும் அப்படியே நினைச்சா நீங்க அஞ்சு பேர்தான் மிச்சம்.

இதை 1968லயே சோதிச்சுப் பார்த்திருக்காங்க. ஜான் டார்லி, பிப் லடானேன்னு ரெண்டு உளவியலாளர்கள், அமெரிக்காவுல. மாணவர்களைத் தனித்தனி ரூம்ல உக்கார வச்சு இண்டர்காம்ல பேச வச்சாங்க, நடுவுல ஒரு குரல் வலிப்பு வந்து தவிக்கிற மாதிரி கேக்கும் (அது முன்னாடியே ரெக்கார்ட் பண்ணது, மாணவர்களுக்குத் தெரியாது). அந்தக் குரலைக் கேக்கறது தான் ஒருத்தர்தான்னு நினைச்சவங்கள்ல 85 சதவீதம் பேர் அது தவிச்சுக்கிட்டு இருக்கும்போதே எழுந்து போய் சொன்னாங்க. கூட இன்னும் நாலு பேர் கேட்டுக்கிட்டு இருக்காங்கன்னு நினைச்சவங்கள்ல 31 சதவீதம்தான். கவனிங்க, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி பசங்க, ஒரே மாதிரி மனசு. எழுந்து போகாதவங்களும் கல்நெஞ்சோட உக்காந்திருக்கல, கை நடுங்கி வேர்த்துப் போய் இருந்தாங்கன்னுதான் எழுதி வச்சிருக்காங்க. பொறுப்பு பங்கு போட்டுப் போயிடுச்சு, அவ்ளோதான். நாலு பேருக்கே இப்படின்னா உங்க முந்நூறு பேர் குரூப்பை யோசிச்சுப் பாருங்க.

அதனால குரூப்ல போடுறதை நிறுத்துங்கன்னு சொல்லல, அது தகவலுக்கு. ஆள் வேணும்னா ஒருத்தரைப் பேர் சொல்லிக் கேளுங்க. போன் பண்ணிக் கேக்கறது ரொம்ப நல்லது, முடியலன்னா தனி மெசேஜ். அந்த மெசேஜ்லயும் "சேவை செய்ய வாங்க"ன்னு பொதுவா இல்லாம வேலையைப் படம் பிடிச்ச மாதிரி சொல்லணும். இப்படி எழுதிப் பாருங்க:

"வணக்கம். வர்ற 14ம் தேதி புதன்கிழமை, காலைல ஒன்பதரைலேர்ந்து ஒரு மணி வரைக்கும், கல்லூரி இரண்டாம் வருஷம் படிக்கிற ஒரு பொண்ணுக்கு வரலாறு பரீட்சை எழுதிக் குடுக்க ஒருத்தர் வேணும். அவங்க சொல்றதை அப்படியே எழுதணும், நீங்க பாடம் படிச்சிருக்க வேண்டியதில்ல. கையெழுத்து தெளிவா இருந்தா போதும். முதல் நாள் சாயங்காலம் அரை மணி நேரம் போன்ல எப்படின்னு நானே சொல்லித் தர்றேன். உங்க கையெழுத்து பாத்திருக்கேன், அதான் உங்களைக் கேக்கறேன். முடியுமான்னு நாளைக்கு ராத்திரிக்குள்ள சொன்னா போதும், முடியலன்னாலும் பரவால்ல, சொல்லிடுங்க, வேற ஆள் பாக்கணும்."

இதுல என்னென்ன இருக்குன்னு பாருங்க. எப்போ ஆரம்பிக்கும்னு இருக்கு, எப்போ முடியும்னும் இருக்கு, இது நிறைய பேர் விட்டுடற விஷயம், முடியற நேரம் தெரியாம யாரும் சரின்னு சொல்லமாட்டாங்க. ஏன் அவங்களைக் கேக்கறீங்கன்னு இருக்கு. "முடியல"ன்னு சொல்ல வழியும் இருக்கு, அந்த வழி இல்லைன்னா ஆளுங்க பதிலே போடாம ஒளிஞ்சுப்பாங்க, உங்களுக்கு அது இன்னும் கஷ்டம்.

இன்னொன்னு, ஸ்க்ரைப் வேலைக்கு ஆள் தயங்கறதுக்குப் பெரிய காரணமே பயம். "நான் தப்பா எழுதி அந்தப் புள்ளை பெயிலாயிட்டா?"ன்னு. அந்த பயத்தை முதல்லயே பேசுங்க. வாக்கியத்தை அவங்க முழுசா சொல்லி முடிக்கட்டும், எழுதினதும் திருப்பிப் படிச்சுக் காட்டுங்க, புரியாத பேர் வந்தா எழுத்து எழுத்தா கேளுங்க, கேள்வித்தாளைப் படிக்கும்போது மார்க்கையும் சேத்துப் படிங்க, "எது எழுதணும் எது விடணும்"னு அவங்கதான் முடிவு பண்ணணும். அவங்க சொல்றது தப்புன்னு உங்களுக்குத் தெரிஞ்சாலும் திருத்தக்கூடாது, முகம் காட்டலன்னாலும் குரல்ல ஒரு "ம்ம்?" வந்தா கூட அது க்ளூ ஆயிடும். புதுசா வர்றவங்களை ஒரு பழைய கேள்வித்தாளை வச்சு ஒரு பக்கம் எழுத வச்சுப் பாருங்க, அந்த ஒரு பக்கத்துலயே பாதி பயம் போயிடும். சில பரீட்சைகள்ல ஸ்க்ரைப்போட படிப்பு இவ்ளோக்குள்ளதான் இருக்கணும், அந்தப் பாடம் படிச்சவரா இருக்கக்கூடாதுன்னு விதி இருக்கும், அதை ஆளைக் கேக்கறதுக்கு முன்னாடியே பாத்துடுங்க, ஆள் வந்து வாசல்ல திருப்பி அனுப்பினாங்கன்னா அவங்க மறுபடி வர்றது சந்தேகம்தான்.

கேள்வி: மரம் நடறதுக்கு, குளம் சுத்தம் பண்றதுக்குன்னு கூப்பிட்டா முதல் தடவை நல்ல கூட்டம் வருது. ரெண்டாவது தடவை பாதி. மூணாவது தடவை நாங்க மட்டும்தான். எங்க தப்பு?

பதில்: முதல் தடவை வந்தவங்களுக்கு அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு ஒரு தடவை அவங்க இடத்துலேர்ந்து யோசிங்க. ஞாயித்துக்கிழமை தூக்கத்தை விட்டுட்டு ஏழு மணிக்கு வந்தாச்சு. வந்தா யாரைப் பாக்கணும்னு தெரியல. கோஆர்டினேட்டர் போன்ல பேசிக்கிட்டே இருக்கார். எட்டு மணிக்கு சிறப்பு விருந்தினர் வரணும்னு வெயிட் பண்றாங்க, எட்டே முக்காலுக்கு வர்றார், பேசறார், போட்டோ. மண்வெட்டி பத்து, ஆள் நாப்பது. மீதி முப்பது பேர் நிழல்ல நின்னு போன் பாக்கறாங்க. பதினொரு மணிக்கு "எல்லாருக்கும் நன்றி" முடிஞ்சுது. இந்த ஆள் வீட்டுக்குப் போய் என்ன சொல்வார்? "நான் இல்லன்னாலும் நடந்திருக்கும்"னுதான் சொல்வார். அப்புறம் ஏன் வரப்போறார்?

வந்த கால் மணி நேரத்துக்குள்ள ஒவ்வொருத்தர் கையிலயும் வேலை இருக்கணும், இதை மட்டும் நீங்க சரி பண்ணினா மத்ததெல்லாம் பாதி சரியாயிடும். மண்வெட்டி பத்துதான்னா பத்து பேருக்கு மட்டும் வெட்டற வேலைன்னு ஆள் எடுங்க, இன்னும் பத்து பேர் தண்ணி, அஞ்சு பேர் போன மாசம் நட்டதுல எது உயிரோட இருக்குன்னு கணக்கெடுக்க. இந்தக் கணக்கெடுக்கற வேலையை யாரும் குடுக்கறதே இல்ல, ஆனா எனக்கு அதுதான் ரொம்ப முக்கியமான வேலையாத் தெரியுது. நட்டவங்களுக்கே ரெண்டு மாசம் கழிச்சு "நீங்க வச்சது தழைச்சிருக்கு, பக்கத்துல ரெண்டு பட்டுப்போச்சு, மாத்தி வைக்கணும்"னு ஒரு போட்டோவோட அனுப்பினா அவங்களுக்கு அந்த இடத்தோட ஒரு சொந்தம் வந்துடும்.

அடுத்தது, எல்லாரும் ஒரே காரணத்துக்கு வர்றதில்ல. 1998ல கில் க்ளாரி, மார்க் ஸ்னைடர்னு ரெண்டு பேரும் அவங்க கூட வேலை பாத்தவங்களும் சேர்ந்து தன்னார்வலர்கள் ஏன் வர்றாங்கன்னு ஆராய்ச்சி பண்ணி ஆறு வகைக் காரணம் சொன்னாங்க. அடுத்தவங்க மேல இருக்கற அக்கறை ஒண்ணு. புதுசா ஏதாவது கத்துக்கணுங்கறது ஒண்ணு. நண்பர்கள், தெரிஞ்சவங்க வர்றாங்கன்னு வர்றது. வேலைவாய்ப்புக்கு உதவும்னு வர்றது. தன்னோட சொந்தக் கவலையை, குற்ற உணர்ச்சியை, தனிமையை மறக்க வர்றது. தன் மேல தனக்கே ஒரு மதிப்பு கூடணும்னு வர்றது. ஒருத்தருக்குள்ளயே இதுல ரெண்டு மூணு கலந்து இருக்கும். வந்த காரணம் நிறைவேறினவங்கதான் திருப்தியா இருக்காங்க, தொடர்ந்து வரணும்னும் நினைக்கறாங்கங்கறதுதான் அதுல நமக்கு வேண்டிய சேதி.

அதனால புதுசா வர்றவங்ககிட்ட "எதுக்கு வரணும்னு தோணுச்சு?"ன்னு சாதாரணமா கேளுங்க. மனைவி இறந்துபோய் வீட்டுல தனியா இருக்க முடியாம வந்தவரை தனியா ஒரு மூலைல லிஸ்ட் டைப் பண்ண உக்கார வச்சா அவர் ரெண்டாவது வாரம் வரமாட்டார், அவருக்கு நாலு பேரோட பேசிக்கிட்டே செய்யற வேலை வேணும். அதே லிஸ்ட் டைப் பண்ற வேலையை கூச்ச சுபாவம் உள்ள ஒரு பையன்கிட்ட குடுங்க, சந்தோஷமா பண்ணுவான்.

சிறப்பு விருந்தினரை விட்டுடுங்களேன், ப்ளீஸ்.

கேள்வி: ஆள் வர்றதில்லன்னு எங்க சங்கத்துல வர்றவங்களுக்கு ஏதாவது சின்னத் தொகை குடுக்கலாம்னு பேச்சு வந்திருக்கு. குடுத்தா வருவாங்களா?

பதில்: இதுல அவசரப்படாதீங்க. 2000ல யூரி க்னீஸி, ஆல்டோ ருஸ்டிகினின்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. இஸ்ரேல்ல பள்ளி மாணவர்கள் வீடு வீடாப் போய் நல்ல காரியங்களுக்கு நன்கொடை வசூல் பண்ற வழக்கம் இருக்கு. அப்படிப் போற 180 பேரை மூணு பிரிவாப் பிரிச்சாங்க. ஒரு பிரிவுக்கு இந்த வேலை எவ்ளோ முக்கியம்னு மட்டும் சொன்னாங்க. இன்னொரு பிரிவுக்கு அதோட சேர்த்து, வசூல் பண்றதுல 1 சதவீத அளவுக்குப் பணம் தருவோம்னாங்க. மூணாவதுக்கு 10 சதவீதம். அந்தக் காசும் நன்கொடைலேர்ந்து எடுக்கமாட்டோம், தனியாத் தருவோம்னு தெளிவாவே சொல்லிட்டாங்க. எந்தப் பிரிவு அதிகமா வசூல் பண்ணுச்சுன்னு நினைக்கறீங்க? காசே இல்லாதவங்க. அடுத்து 10 சதவீதக்காரங்க. கடைசில 1 சதவீதம்.

சின்னக் காசு கைக்கு வந்ததும் மனசுக்குள்ள கணக்கே மாறிடுது. "நல்ல காரியத்துக்கு வந்தேன்"னு நினைச்சவங்க "இவ்ளோ வேலைக்கு இவ்ளோதானா"ன்னு யோசிக்க ஆரம்பிச்சுடறாங்க. கூலி குடுக்கறதா இருந்தா அது வேலை, நியாயமான கூலியா முழுசாக் குடுங்க, அதுல தப்பே இல்ல, சில வேலைகளுக்கு அதுதான் சரியும் கூட. தன்னார்வலர்னு கூப்பிட்டு அரைகுறையாக் குடுக்கறதுதான் ரெண்டுக்கும் கெடுதல்.

ஆனா ஒண்ணு, கைக்காசு செலவை திருப்பிக் குடுக்கறது வேற. பஸ் செலவு, போன் செலவு, அன்னைக்கு சாப்பாடு. இதைக் கண்டிப்பா குடுங்க, அவங்க கேக்கறதுக்கு முன்னாடியே குடுங்க. "சேவைன்னு வந்துட்டு பஸ் காசு கேக்கறதா"ன்னு கூச்சப்பட்டே நின்னுபோனவங்க நிறைய பேர் உண்டு. இதை நீங்க பாக்கலன்னா வசதி உள்ளவங்க மட்டும்தான் உங்க குழுவுல மிஞ்சுவாங்க, அப்புறம் யாருக்கு உதவப் போறீங்களோ அவங்க வாழ்க்கை தெரிஞ்ச ஒருத்தர் கூட உங்க மேசைல இருக்கமாட்டாங்க.

கேள்வி: காலேஜ் பசங்க சர்டிபிகேட்டுக்காக மட்டும் வர்றாங்க. அவங்களை சேத்துக்கலாமா?

பதில்: தாராளமா சேத்துக்கோங்க. சர்டிபிகேட்டுக்கு வந்து நிலைச்சு நின்னவங்க எல்லா குழுவுலயும் இருப்பாங்க. செஞ்ச மணி நேரத்தை உள்ளபடி எழுதிக் குடுங்க, வராத நாளுக்கு கையெழுத்து போடாதீங்க. என்ன வேலை செஞ்சாங்கன்னும் ரெண்டு வரி எழுதுங்க, வெறும் "பங்கேற்றார்"னு போட்ட காகிதம் அந்தப் பசங்களுக்கே எங்கயும் உதவாது.

கேள்வி: மாமியாருக்கு பக்கவாதம், நான் வீட்டை விட்டு நகர முடியாது. ஆனா எனக்கும் யாருக்காச்சும் ஏதாச்சும் செய்யணும்னு மனசு அடிச்சுக்குது. நடு நடுவுல அரை மணி, ஒரு மணி கிடைக்கும், எப்போன்னு சொல்ல முடியாது. என்னால ஏதாவது முடியுமாக்கா?

பதில்: முதல்ல, நீங்க ஏற்கனவே பெரிய வேலை ஒண்ணு பண்ணிக்கிட்டு இருக்கீங்கம்மா. உங்களுக்கே ஒரு ஆள் உதவிக்கு வரணும், அதைக் கேக்கறதுக்கு கூச்சப்படாதீங்க. இதை சும்மா ஆறுதலுக்கு சொல்லல. வாரத்துல ரெண்டு மணி நேரம் யாராவது வந்து மாமியார் பக்கத்துல உக்காந்தா நீங்க வெளிய போய் மூச்சு விட்டுட்டு வரலாம், பல தன்னார்வக் குழுக்கள் இதையும் செய்யறாங்க, பக்கத்துல இருக்கற மருத்துவமனை சமூகப் பணியாளர்கிட்ட விசாரிங்க.

சரி, உங்க கேள்விக்கு வர்றேன். எப்போ ப்ரீன்னு தெரியாதவங்களுக்குன்னே சில வேலைகள் இருக்கு. பி மை ஐஸ்னு ஒரு ஆப், டென்மார்க்ல ஆரம்பிச்சது, 2015ல வந்துச்சு. பார்வை இல்லாதவங்களுக்கு ஒரு சின்ன சந்தேகம் வரும், இந்த மருந்து பாட்டில்ல எக்ஸ்பயரி தேதி என்ன, இந்த சட்டை என்ன கலர், அடுப்பு ஆப் ஆயிடுச்சான்னு. அவங்க வீடியோ கால் போடுவாங்க, பதிவு பண்ணி வச்சிருக்கற யாராவது ஒருத்தருக்கு அது வரும், எடுத்து பாத்து சொல்லணும். ரெண்டு நிமிஷ வேலை. நீங்க எடுக்கலன்னா அடுத்தவங்களுக்குப் போயிடும், அதனால மாமியாருக்கு ஏதாவது பண்ணிக்கிட்டு இருக்கும்போது போன் அடிச்சா குற்ற உணர்ச்சி வேண்டாம். பதில் சொல்லும்போது "அங்க, இங்க"ன்னு சொல்லாதீங்க, "உங்க வலது கைப்பக்கம், கொஞ்சம் மேல தூக்குங்க"ன்னு சொல்லணும்.

கம்ப்யூட்டர் இருந்தா வரைபட வேலை பாருங்க. 2010 ஜனவரில ஹைதியில பூகம்பம் வந்தப்போ அந்த நாட்டோட தலைநகருக்கு சரியான தெருப் படமே கையில இல்ல, உலகம் பூரா வீட்டுல உக்காந்திருந்தவங்க செயற்கைக்கோள் படத்தைப் பாத்துப் பாத்து ஓபன்ஸ்ட்ரீட்மேப்னு யார் வேணும்னாலும் வரையக்கூடிய இணைய வரைபடத்துல தெருவும் கட்டடமும் வரைஞ்சாங்க, மீட்புக்குப் போனவங்க அதை வச்சுத்தான் வழி கண்டுபிடிச்சாங்க. அந்த மாதிரி வேலை இன்னைக்கும் நடந்துக்கிட்டே இருக்கு, சின்னச் சின்ன கட்டமாப் பிரிச்சுக் குடுப்பாங்க, ஒரு கட்டம் முடிக்க கொஞ்ச நேரம்தான், பாதில விட்டாலும் இன்னொருத்தர் தொடருவாங்க.

போன்லயே பண்ற வேலையும் உண்டு, தனியா இருக்கற வயசானவங்ககிட்ட வாரம் ஒருதடவை பேசறது. ஆனா இதுல மட்டும் யோசிச்சு இறங்குங்க, அவங்க உங்க போனுக்காக காத்திருக்க ஆரம்பிச்சுடுவாங்க, உங்க நிலைமைல நேரம் நிச்சயமில்லாததால இப்போதைக்கு முதல் ரெண்டும்தான் பொருந்தும்னு எனக்குப் படுது.

கேள்வி: வெள்ளம், புயல்னு நியூஸ் வந்தா எங்க நண்பர்கள் உடனே வண்டி எடுத்துக்கிட்டு கிளம்பிடுவோம். போன தடவை போனப்போ அங்க இருந்த அதிகாரி "ஏன் வந்தீங்க"ன்னு கேட்டுட்டார். மனசு உடைஞ்சு போச்சு. உதவி பண்ணப் போனது தப்பா?

பதில்: போகணும்னு நினைச்சதுல தப்பே இல்ல. அவர் கேட்ட விதம் கஷ்டமா இருந்திருக்கும், புரியுது. ஆனா அவர் பக்கத்துலேர்ந்தும் பாருங்க, ஒரே ஒரு ரோடு திறந்திருக்கு, அதுல ஆம்புலன்ஸ் போகணும், ஜேசிபி போகணும், உங்க வண்டி மாதிரி நூறு வண்டி நிக்குது. நீங்க எங்க தங்குவீங்க, என்ன சாப்பிடுவீங்க, உங்களுக்கு அடிபட்டா யார் பாக்கறதுன்னு அது வேற அவர் தலைல. வர்ற பழைய துணி மூட்டைகளைப் பிரிச்சு அடுக்கவே பத்து இருபது பேர் வேணும், மழைல நனைஞ்சா அது குப்பைதான். பேரிடர் வேலைல இருக்கறவங்க கேக்காம வந்து குவியற பொருளை "ரெண்டாவது பேரிடர்"னே சொல்றாங்க.

1995 ஜனவரி 17 விடியக்காலைல ஜப்பான்ல கோபே நகரத்துல பூகம்பம், ஆறாயிரத்துக்கும் மேல உயிர் போச்சு. அடுத்த மாசங்கள்ல பத்து லட்சத்துக்கும் மேல தன்னார்வலர்கள் வந்தாங்க, நிறைய பேர் அதுக்கு முன்னாடி இந்த மாதிரி எதுலயும் இறங்காதவங்க. அந்த மனசு நாட்டையே மாத்துச்சு, 1995ஐ தன்னார்வப் பணியோட முதல் ஆண்டுன்னே அங்க சொல்றாங்க, 1998ல லாப நோக்கில்லாத அமைப்புகளுக்குன்னு தனிச் சட்டமே வந்துச்சு. ஆனா வந்தவங்களை எங்க அனுப்பறது, யாருக்கு என்ன வேலைன்னு பிரிச்சுக் குடுக்க ஏற்பாடு இல்லாம அப்போ திண்டாடினாங்க. அதுலேர்ந்து கத்துக்கிட்டுதான் இப்போ பேரிடர் நடந்தா உள்ளூர்லயே ஒரு தன்னார்வலர் மையம் திறக்கறாங்க, வர்றவங்க அங்க பதிவு பண்ணணும், அங்கேர்ந்து எந்த வீட்டுக்கு எத்தனை பேர், என்ன கருவின்னு சீட்டு குடுத்து அனுப்புவாங்க.

செஞ்சிலுவைச் சங்கம் பிறந்த கதையும் இதுதான். 1859 ஜூன்ல இத்தாலில நடந்த சோல்ஃபெரினோ போர்ல அடிபட்ட ஆயிரக்கணக்கான பேருக்கு பக்கத்து ஊர் பெண்கள் தண்ணி குடுத்து காயம் கழுவினாங்க, வியாபார விஷயமா அந்தப் பக்கம் வந்த ஆன்ரி துனான் அவங்களோட சேர்ந்து வேலை பாத்தார். மனசு இருந்துச்சு, பயிற்சி இல்ல, எத்தனையோ பேர் காப்பாத்தியிருக்கக் கூடியவங்க செத்துப்போனாங்க. 1862ல அவர் எழுதின புத்தகத்துல கேட்டது என்னன்னா, அமைதியா இருக்கற காலத்துலயே தன்னார்வலர்களுக்கு பயிற்சி குடுத்து தயாரா வச்சிருக்கக் கூடாதாங்கறதுதான். அடுத்த வருஷமே ஜெனீவாவுல கமிட்டி அமைஞ்சுது.

உங்க நண்பர்கள் குழு செய்ய வேண்டியதும் அதுதான். இப்போ, ஒண்ணும் நடக்காத நாள்ல, முதலுதவி பயிற்சி எடுங்க, ஏற்கனவே அந்த வேலைல இருக்கற ஒரு அமைப்புல பேர் குடுங்க, உங்கள்ல யார் எலக்ட்ரீஷியன், யார் நர்ஸ், யாருக்கு பெரிய வண்டி ஓட்டத் தெரியும்னு லிஸ்ட் குடுங்க. நடந்தப்புறம் அவங்க கூப்பிட்டா போங்க. ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சு கேமராக்காரங்க எல்லாம் போனப்புறம் வீட்டுக்குள்ள சேறு அள்ள ஆளே இருக்காது, அப்போ போனீங்கன்னா யாரும் ஏன் வந்தீங்கன்னு கேக்கமாட்டாங்க.

கேள்வி: குழந்தைகளுக்கு சாயங்கால வகுப்பு நடத்தறோம். ஒருத்தர் ரொம்ப ஆர்வமா வர்றார், பணமும் குடுக்கறார், ஆனா "விதிமுறை எல்லாம் எதுக்கு, என்னை நம்பலையா"ன்னு பதிவுப் படிவம் நிரப்ப மாட்டேங்கறார். குழந்தைகளை தனியா வெளிய கூட்டிட்டுப் போறேன்னும் சொல்றார். உதவ வந்தவரை வேண்டாம்னு எப்படி சொல்றது?

பதில்: சொல்லித்தான் ஆகணும். இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே இல்ல. அவர் நல்லவராவே இருக்கலாம், ஆனா நல்லவங்களுக்கு இந்த விதி இடைஞ்சல் இல்ல, நல்லவங்க படிவத்தை ஒரு நிமிஷத்துல நிரப்பிட்டு வேலைக்கு வந்துடுவாங்க.

குழந்தைகள் இருக்கற எந்த இடத்துலயும் சில விஷயம் கண்டிப்பா இருக்கணும். அடையாள அட்டை, முகவரி, அவரைத் தெரிஞ்ச ரெண்டு பேர்கிட்ட நீங்களே போன்ல பேசறது, சட்டப்படி பின்னணி சரிபாக்கற வழி இருந்தா அதையும். எப்பவும் ஒரு குழந்தையோட ஒரு பெரியவர் மட்டும் மூடின ரூம்ல இருக்கக்கூடாது, குறைஞ்சது ரெண்டு பெரியவங்க, இல்ல கதவு திறந்து எல்லாரும் பாக்கற மாதிரி. தனியா போன் நம்பர் வாங்கிப் பேசறது, தனியா பரிசு குடுக்கறது, வண்டில தனியா கூட்டிட்டுப் போறது கூடாது. இது உங்களுக்கும் சேத்துத்தான், நிறுவனருக்கும் விலக்கு கிடையாது. எல்லாருக்கும்னு எழுதி சுவத்துல ஒட்டிட்டா "என்னை நம்பலையா"ங்கற கேள்விக்கே இடமில்ல.

அவர்கிட்ட தனியா உக்காந்து, "சார், இங்க எல்லாருக்கும் ஒரே விதிதான், நானும் நிரப்பியிருக்கேன், இது முடியற வரைக்கும் வகுப்புக்குள்ள யாரும் வர முடியாது"ன்னு சொல்லுங்க. கோபப்பட்டு போனார்னா போகட்டும், அவர் குடுத்த பணமும் கூடவே போகட்டும். அந்தப் பணத்துக்காக நீங்க வாய் மூடினீங்கன்னா அதோட விலையைக் குழந்தைங்கதான் குடுக்கணும்.

கேள்வி: உதவி வாங்கறவங்களை போட்டோ எடுத்துப் போட்டாதான் ஆளும் நிதியும் வருதுன்னு எங்க குழுவுல சொல்றாங்க.

பதில்: வாங்கறவங்க முகம் வேண்டாம். உங்க தன்னார்வலர்கள் வேலை செய்யற கைகளை எடுங்க, அடுக்கி வச்ச புத்தகத்தை எடுங்க. கை நீட்டி வாங்கற நேரத்துல "போட்டோ எடுக்கலாமா"ன்னு கேட்டா யாரும் வேண்டாம்னு சொல்ல முடியாது, அது சம்மதமே ஆகாது.

கேள்வி: டிசம்பர் 5 சர்வதேச தன்னார்வலர் தினம் வருது, எங்க அமைப்புல பெரிய விழா எடுக்கலாமா?

பதில்: 1985ல ஐ.நா. பொதுச்சபை அறிவிச்ச நாள் அது, கொண்டாடறது நல்லதுதான். மேடை, மாலை எல்லாத்தையும் குறைச்சுட்டு ஒவ்வொரு தன்னார்வலருக்கும் கையால எழுதின ஒரு கடிதம் குடுங்க, அந்த வருஷம் அவங்க செஞ்ச ஏதாவது ஒண்ணை குறிப்பிட்டு. "உங்கள் மகத்தான சேவைக்கு"ன்னு அச்சடிச்சது வேண்டாம். "மார்ச்ல பேட்டரி தீந்துபோன வீல்சேரை நீங்க தள்ளிக்கிட்டே போனீங்களே"ன்னு எழுதினா அதை பத்திரமா வச்சுப்பாங்க.

கேள்வி: ரொம்ப வருஷமா ஒரு முதியோர் இல்லத்துல வாராவாரம் போய்க்கிட்டு இருக்கேன். இப்போ உடம்பும் மனசும் ஓஞ்சு போச்சு. போற நாள் வந்தாலே எரிச்சலா வருது, அங்க போய் சிரிக்கறேன், வந்து அழறேன். விட்டுட்டா அவங்களைக் கைவிட்ட மாதிரி ஆயிடுமேன்னு பயம். என்ன பண்றது?

பதில்: எரிச்சல் வருதுங்கறதை இவ்ளோ நேர்மையா எழுதினதுக்கே நன்றி. நிறைய பேர் இதை வெளிய சொல்லாம உள்ளுக்குள்ளயே வச்சு ஒருநாள் திடீர்னு காணாம போயிடறாங்க, அங்க இருக்கற பெரியவங்களுக்கு அதுதான் ரொம்ப வலிக்கும், என்ன ஆச்சு, நம்ம மேல கோபமான்னு வாசலையே பாத்துக்கிட்டு இருப்பாங்க.

நீங்க நிறுத்தலாம். தாராளமா நிறுத்தலாம். சொல்லிட்டு நிறுத்துங்க, அவ்ளோதான். இல்லத்து பொறுப்பாளர்கிட்ட ஒரு மாசம் முன்னாடியே சொல்லுங்க. காரணம் விளக்கமா சொல்லணும்னு அவசியமில்ல, "எனக்கு ஓய்வு தேவைப்படுது"ன்னா போதும். அந்த ஒரு மாசத்துல உங்க இடத்துக்கு வர்ற ஒருத்தரை ரெண்டு தடவையாவது கூட்டிட்டுப் போங்க, தெரிஞ்ச முகத்தோட சேந்து ஒரு புது முகம் வந்தா பெரியவங்க ஏத்துப்பாங்க. யாருக்கு காது எந்தப் பக்கம் கேக்கும், யாருக்கு மகன் பேச்சை எடுக்கக்கூடாது, யாருக்கு செய்தித்தாள் படிச்சுக் காட்டினா பிடிக்கும்னு உங்க தலைக்குள்ள மட்டும் இருக்கறதெல்லாம் ஒரு நோட்டுல எழுதி புதுசா வர்றவங்ககிட்ட குடுங்க. பெரியவங்ககிட்ட நீங்களே நேர்ல சொல்லுங்க, "அடுத்த வாரம் வர்றேன்"னு மட்டும் சமாதானத்துக்கு சொல்லாதீங்க.

முழுசா விட மனசு வரலன்னா மூணு மாசம் லீவு கேளுங்க. லீவு முடியும்போது போகணும்னு தோணுச்சுன்னா மாசம் ஒருதடவைன்னு ஆரம்பிக்கலாம், தோணலன்னா போக வேண்டாம். எரிச்சலுக்கு மேல தூக்கம் வராம, எதுலயும் பிடிப்பில்லாம இருந்துச்சுன்னா அதை இந்த வேலையோட மட்டும் முடிச்சுப் போடாதீங்க, டாக்டர்கிட்டயும் ஒருதடவை பேசிடுங்க.